கழற்றி வைத்த உறுப்பு

இயந்திரங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் வலிமையையும் வேகத்தையும் பற்றியே பேசுவர். அவை கழித்து வெளிவிடுவதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் டீசல் எஞ்சினைப் பொறுத்தவரை, அதன் வரலாற்றின் பிற்பகுதியை எழுதியது அது கழிக்கும் புகையே எனலாம். தான் வெளிவிட்ட புகையின் ஒரு பகுதியைத் தானே மீண்டும் உள்ளிழுக்கும்படி எஞ்சினைப் பணிக்கும் சிறு உறுப்பொன்று, சுன்னாகத்துப் பட்டறையொன்றில் மூன்று மனிதரை மூன்று நாள் எவ்வாறு அலைக்கழித்தது என்பதும், அதனூடாக அவர்களுள் மூத்தவர் தம்மைப் பற்றி எதனை அறிந்துகொண்டார் என்பதுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

பட்டறைக்கு வந்த லொறி ஜப்பானில் உற்பத்தியாகி, அங்கே சில காலம் ஓடிய பின்னர் இலங்கைக்கு வந்தது. அதன் சொந்தக்காரரே அதன் சாரதியுமாவார். அவருக்கு அந்த லொறியைத் தவிர வேறு வருமானம் இல்லை. லொறியின் முறைப்பாடுகள் மூன்று. பாரம் ஏற்றினால் இழுக்க மறுத்தது. கால் அழுத்தும்போதெல்லாம் பின்னால் கரும்புகை தள்ளியது. முகப்பில் எஞ்சினின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்தால் எஞ்சின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொண்டு, நோயாளி நடப்பதுபோல நடந்தது.

அதற்கு முன்னர் வேறிரண்டு பட்டறைகளை அந்த லொறி கண்டிருந்தது. முதலாவது பட்டறையில் ஸ்கானரைப் பொருத்திப் பார்த்து, ‘பீ 0401’ என்ற குறியீடு தோன்றவே, “ஈ.ஜீ.ஆர். வால்வு போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்றனர். புதிய வால்வின் விலையைக் கேட்ட சாரதி திகைத்துப்போனார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரையில் பெரிதும் தடைப்பட்டே இருந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது உதிரிப்பாகங்களின் விலைகள் பன்மடங்காயின. எனவே பழைய வாகனங்களைப் பழைய உறுப்புகளோடு ஓட்டுவதே பலருக்கும் விதியாயிற்று. சாரதி கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த வால்வு ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினார். அதைப் பூட்டி ஒரு வாரம் ஆவதற்குள் மஞ்சள் விளக்கு மீண்டும் எரிந்தது. இரண்டாவது பட்டறையில், “இரும்புத் தகடு ஒன்று வைத்து அடைத்துவிட்டால் தொல்லை தீரும்” என்று ஆலோசனை கூறினர். அந்த ஆலோசனையை மனத்தில் ஏற்றுக்கொண்டே அவர் சுன்னாகத்துக்கு வந்தார். தகடு வைப்பதற்கு வேறொரு இடத்தை நாடாமல் அங்கே வந்தமைக்குக் காரணம், அந்தப் பட்டறைக்காரர் அவருக்கு நெடுநாட் பழக்கமானவர் என்பதே.

அந்தப் பட்டறைக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். அவர் தொழில் பழகிய காலம் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவிய காலம். 1990 இன் பின்னர் பெற்றோலும் டீசலும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டபோது, மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிளையும் பழைய மொறிஸ் கார்களையும் ஓடச் செய்தவர்கள் அவரைப் போன்ற மெக்கானிக்குகளே. சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை அக்காலச் சிறுவர்களும் அறிந்திருந்தனர். உறுப்பு ஒன்று பழுதானால் புதியது வாங்க வழியில்லை. ஆகவே ‘அது இல்லாமலே ஓடுமா?’ என்பதே மெக்கானிக்கின் முதற் கேள்வியாக இருந்தது. ஓடும் என்றால் கழற்றி வைத்துவிடுவார்கள். அவ்வாறு கழற்றி வைக்கப்பட்ட உறுப்புகள் நிறைந்த மரப்பெட்டி ஒன்று அவருடைய பட்டறை மூலையில் இன்னமும் இருக்கிறது. பற்றாக்குறையின் மத்தியில் பிறந்த அந்த அறிவு பல உயிர்களைக் காப்பாற்றிய அறிவு என்பதில் ஐயமில்லை. நோயாளிகளை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் அதுவே. ஆனால் தேவை போன பின்னும் பழக்கம் போவதில்லை என்பது எல்லா அறிவுக்கும் பொதுவான ஆபத்தாகும்.

இவ்விடத்தில் அந்த வால்வின் தொழிலைச் சிறிது விளக்குதல் வேண்டும். எஞ்சின் உள்ளிழுக்கும் வளியில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசன். 21 சதவீதம் ஒட்சிசன். டீசலை எரிப்பதற்கு வேண்டியது ஒட்சிசன் மட்டுமே. நைதரசன் சாதாரண நிலையில் எதனோடும் எளிதில் சேராத வாயு. அழையாத விருந்தினர்போல உள்ளே வந்து, சும்மா இருந்து, வெளியே போகக்கூடியது. ஆனால் சுவாலையின் வெப்பநிலை ஏறத்தாழ 1500 பாகை செல்சியசைத் தாண்டும்போது அதுவும் ஒட்சிசனோடு சேரத் தொடங்குகிறது. அதற்கு மேல் வெப்பநிலை ஏற ஏறச் சேர்க்கையின் வேகமும் மிக விரைவாக ஏறுகிறது. அவ்வாறு பிறப்பவையே நைதரசன் ஒட்சைட்டுகள். அவை சுவாசக் குழாய்களைத் தாக்குவன. ஆஸ்துமா நோயாளரைத் துன்புறுத்துவன. வெயிலில் ஐதரோகாபன்களோடு வினைபுரிந்து நிலமட்டத்தில் ஓசோனைத் தோற்றுவிப்பன. லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்தின் இரசாயனத்தை 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்த ஹாகன் சிமித் என்ற அறிஞரே இவ்வுண்மையை உலகறியச் செய்தார்.

இதற்குப் பொறியியலாளர் கண்ட பரிகாரம் விநோதமானது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே விட்டால், அதிலுள்ள காபனீரொட்சைட்டும் நீராவியும் எரியாமல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒட்சிசனின் பங்கும் குறையும். சுவாலையின் உச்ச வெப்பநிலை தணியும். நைதரசன் சும்மா இருந்துவிடும். 1970களின் முற்பகுதியில் அமெரிக்கப் பெற்றோல் கார்களில் வழக்குக்கு வந்த இம்முறை, 2002 ஒக்டோபரில் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தபோது அந்நாட்டின் பெரிய டீசல் லொறிகளையும் வந்தடைந்தது. புகை நேராக உள்ளே போனால் அதன் சூடே கேடாகும். ஆகையால் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைக்கொண்டே அதைக் குளிர்விக்க ஒரு கூலரும் இணைக்கப்பட்டது. எப்போது, எவ்வளவு புகையை உள்ளே விடுவது என்பதைக் கணினி தீர்மானிக்கும். அதன் கட்டளைப்படி திறந்து மூடுவதே ஈ.ஜீ.ஆர். வால்வின் கடமை. முழுப் பாரத்தில் எஞ்சினுக்கு வேண்டியது வளியே ஆகையால் வால்வு மூடும். இடைத்தரமான ஓட்டத்தில் திறக்கும்.

ஆனால் இந்தப் பரிகாரத்துக்கும் ஒரு விலை உண்டு. டீசற் புகையில் கரி இருக்கிறது. எஞ்சினின் அடிப்பெட்டியிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் அதே உள்ளிழு குழாயில் வந்து சேர்கிறது. இரண்டும் கலந்தால் தார் போன்ற பசை உண்டாகும். வால்வின் வாயிலிலும் கூலரின் ஒடுங்கிய துளைகளிலும் அது நாள்தோறும் படிந்து, இரத்தக் குழாயிற் கொழுப்புப் படிவதுபோல வழியை ஒடுக்கிவிடுகிறது.

இனிச் சுன்னாகத்துக்கு மீள்வோம். முதல் நாட் காலையில் சாரதி நேராகவே விடயத்துக்கு வந்தார்.

“அண்ணை, உந்த வால்வை ஒரு தகடு வைச்சு அடைச்சு விடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம். புகைச் சோதினையும் பாஸ் பண்ணுமாம்.”

அவர் கூறியது பொய்யன்று. 2008 ஆம் ஆண்டில் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில் டீசல் வாகனங்களுக்கு அளக்கப்படுவது புகையின் கருமையே. நைதரசன் ஒட்சைட்டு அதில் அளக்கப்படுவதில்லை. வால்வை அடைத்தால் உள்ளே செல்லும் வளி கூடும், கரும்புகை குறையும், பரிசோதனையில் லொறி முன்னரைவிட நன்றாகவே தேறும். கண்ணுக்குத் தெரிவது குறைந்து, கண்ணுக்குத் தெரியாதது கூடும். அளக்கப்படாத ஒன்றைப் பற்றி யார் கவலைப்படுவர்?

பட்டறைக்காரர் உடனே மறுக்கவுமில்லை, இசையவுமில்லை. “பொறும் தம்பி. என்ன வருத்தம் எண்டு தெரியாமல் மருந்து கட்டேலாது” என்று மட்டும் சொன்னார். பின்னர் எஞ்சினைத் தொடாமலே கேள்விகள் கேட்கத் தொடங்கினார்.

“நீர் இப்ப லொறியிலை என்ன ஏத்திறீர்? வெங்காயம்தானே?”

வெங்காயம் அல்ல என்பது அப்போதே தெரியவந்தது. முன்னர் அந்த லொறி வாரத்தில் இரண்டு மூன்று முறை வெங்காயமும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு ஏ-9 வீதியால் தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வந்தது. ஒருவழிப் பயணமே ஏறத்தாழ 250 கிலோமீற்றர். கடந்த ஓராண்டாக அது மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் ஏற்றி யாழ்ப்பாண நகரச் சந்தைக்குக் கொண்டுசெல்கிறது; அந்தத் தூரம் இருபது கிலோமீற்றருக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் படகு வரும்வரை காத்திருப்பதும், ஏலம் முடியும்வரை காத்திருப்பதுமே. பற்றரி பலவீனமாக இருந்தமையால், நிறுத்தினால் மீண்டும் எழுப்ப முடியாமற் போய்விடும் என்று அஞ்சி, காத்திருக்கும் நேரம் முழுவதும் எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தார் சாரதி.

பட்டறைக்காரர் தலையசைத்தார். நீண்ட தூரம் பாரத்தோடு ஓடும் எஞ்சின் சூடேறித் தன் கரியின் பெரும் பகுதியைத் தானே எரித்தும் ஊதியும் வெளியேற்றிவிடும். பாரமின்றி நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினோ குளிர்ந்த, ஈரமான, எண்ணெய்ப் பிசுபிசுப்புள்ள கரியையே பெற்றெடுக்கும். லொறியின் தொழில் மாறியது. அதனோடு அதன் நோயும் மாறியது. ஸ்கானரில் எந்தக் குறியீடும் இதனைக் கூறாது. கேட்டால் மட்டுமே தெரியவரும்.

அடுத்ததாக அவர் தம் உதவியாளனை ஸ்கானர் கொண்டுவரும்படி பணித்தார். உதவியாளன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றுவிட்டு வந்த இளைஞன். கருவியைக் கையாளுவதில் அவன் வல்லவன்; கருவி சொல்வதை அப்படியே நம்புவதில் அதனினும் வல்லவன். “பீ 0401 எண்டால் வால்வுதானே அண்ணை?” என்றான். “இல்லை. ‘போகவேண்டிய அளவு புகை போகேல்லை’ எண்டுதான் அது சொல்லுது. ஏன் போகேல்லை எண்டு அது சொல்லேல்லை. ஆள் வீட்டை வரேல்லை எண்டால் வண்டிதான் பழுது எண்டு சொல்லுவியோ? றோட்டு மூடியிருக்கலாம்” என்றார் மூத்தவர். முதலாவது பட்டறையின் தவறு முழுவதும் இந்த ஒரு விளக்கத்தில் அடங்கிவிட்டது.

பின்னர் நடந்த சோதனையின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஸ்கானர் மூலம் வால்வைத் திறக்கும்படி கட்டளையிட்டனர். கணினி கேட்ட திறப்பும் வால்வு காட்டிய திறப்பும் ஒத்திருந்தன. ஆகவே வால்வின் மோட்டாரும் வயர்களும் நலமே, வால்வு இறுகியிருக்கவில்லை. வால்வு திறந்தபடியே இறுகியிருந்தால் எஞ்சின் நின்ற நிலையில் நடுங்கும், கரும்புகை தள்ளும், ஆனால் அப்போது குறியீடும் வேறாயிருக்கும். மூடியபடியே இறுகியிருந்தால் சாரதிக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. எஞ்சின் வழமைபோல ஓடும், விளக்கு மட்டும் எரியும். இரண்டும் இங்கே பொருந்தவில்லை.

இரண்டாவதாக, வால்வு திறந்திருக்கும்போது வளியோட்டச் சென்சர் காட்டும் அளவைக் கவனித்தனர். புகை உள்ளே வந்தால் அதன் இடத்தை வளி இழக்க வேண்டும். ஆகவே வளியின் அளவு தெளிவாகக் குறைதல் வேண்டும். இங்கே அது அசையவில்லை என்றே சொல்லலாம். அந்தச் சென்சரே அழுக்கேறிப் பொய் சொல்லக்கூடும் என்பதால் அதைக் கழற்றித் துப்புரவாக்கி மீண்டும் பார்த்தனர், முடிவு மாறவில்லை. கதவு திறக்கிறது, ஆனால் எவரும் உள்ளே வரவில்லை. ஆகவே அடைப்பு கதவில் அன்று, வழியில். சாரதி இரண்டாவது வால்வுக்குச் செலவழித்த பணம் முழுவதும் வீண் என்பது அந்தக் கணத்தில் உறுதியாயிற்று. அவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார்.

மூன்றாவதாக லொறியை ஓட்டிப் பார்த்தனர். உதவியாளன் ஸ்கானரை மடியில் வைத்துக்கொண்டு இலக்கங்களை வாசித்து வந்தான். மருதனார்மடத்தைக் கடந்து, அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடிய பின்னும் எஞ்சின் நீரின் வெப்பநிலை 60 பாகையைத் தாண்டவில்லை. பட்டறைக்காரர் அந்த இலக்கத்தை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். 80 பாகைக்கு மேல் நிற்கவேண்டிய எஞ்சின் 60 பாகையில் நிற்பதென்றால், நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ரற் திறந்தபடி இறுகியிருக்க வேண்டும். அன்றேல் அது அங்கே இல்லாமலே இருக்க வேண்டும். நீர் தேவைக்கு மேல் குளிர்ந்திருந்தால், கூலரின் சுவர்களும் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த சுவரில் எரியாத டீசலின் ஆவி ஒடுங்கிப் பசையாகும். பசையிற் கரி ஒட்டும். நோயின் வேர் அவருக்குப் புலப்பட்டது. பட்டறைக்குத் திரும்பும்வரை அவர் எதுவும் பேசவில்லை.

தேர்மோஸ்ரற் இருக்கும் மூடியைக் கழற்றியபோது உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. “எந்த மடையன் உதைக் கழட்டினது?” என்றான் உதவியாளன். அவன் எவரையும் மனத்தில் வைத்துக் கேட்கவில்லை. சாரதி நிலத்தைப் பார்த்தார். பட்டறைக்காரர் மூடியைக் கீழே வைத்துவிட்டு, “நான்தான்” என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இரவில் அது நடந்தது. வெங்காயப் பாரத்தோடு புறப்பட்ட லொறி எஞ்சின் கொதித்து அவரிடம் வந்தது. தேர்மோஸ்ரற் மூடியபடி இறுகியிருந்தது. அந்நேரத்தில் புதியது வாங்கக் கடை இல்லை. விடியுமுன் பாரம் தம்புள்ளையில் இருக்க வேண்டும். பழைய காலத்துக் கேள்வி அவருடைய நாவில் தானே எழுந்தது: ‘அது இல்லாமலே ஓடுமா?’ ஓடும். “எங்கடை வெக்கைக்கு உது என்னத்துக்கு?” என்று சொல்லிக் கழற்றி, மரப்பெட்டியிற் போட்டார். லொறி குறித்த நேரத்தில் தம்புள்ளை சேர்ந்தது. வசதியானபோது வந்து புதியது பூட்டிக்கொள்ளும்படி சொன்னதாக அவருக்கு ஞாபகம். சொன்னதாகச் சாரதிக்கு ஞாபகமில்லை. எவ்வாறாயினும் சாரதி வரவில்லை, அவரும் தேடவில்லை. ஏ-9 வீதியில் பாரத்தோடு நெடுந்தூரம் ஓடியவரை எஞ்சின் அந்த இழப்பைப் பொறுத்துக்கொண்டது. மயிலிட்டிக்குத் தொழில் மாறிய பின்னரே அது தன் கணக்கைக் கேட்டது.

இந்த ஒப்புதல் அந்தப் பட்டறையில் எந்த ஆரவாரத்தையும் ஏற்படுத்தவில்லை. உதவியாளன் தன் சொல்லை எண்ணி வெட்கினான். சாரதி, “அண்டைக்கு நீங்கள் கழட்டாட்டில் என்ரை வெங்காயம் அழுகியிருக்கும் அண்ணை” என்றார். அதுவும் உண்மையே. அன்றிரவு செய்தது தவறன்று. மறுநாள் செய்யாமல் விட்டதே தவறு. தற்காலிகமாகச் செய்யப்பட்டதொன்று நிரந்தரமாகிவிடும்போது, அது செய்யப்பட்ட காரணம் மறக்கப்பட்டு, செயல் மட்டும் ஒரு கொள்கையாகிவிடுகிறது. ‘நமது நாட்டுக்கு இது தேவையில்லை’ என்று கழற்றி எறியப்படுவன தேர்மோஸ்ரற்றுகள் மட்டுமல்ல.

இரண்டாம் நாள் கூலரையும் உள்ளிழு குழாய்த்தொகுதியையும் கழற்றினர். குழாயின் வாயில் பெருவிரல் நுழையுமளவுக்கே திறந்திருந்தது. லொறி இழுக்க மறுத்தமைக்கும் கரும்புகைக்கும் காரணம் அதுவே: புகை உள்ளே வரும் வழி மட்டுமன்றி வளி வரும் வழியும் ஒடுங்கியிருந்தது. கரியை இளக்கும் திரவத்தில் ஊறவைத்து, நைலோன் தூரிகையாலும் மரக் குச்சியாலும் பொறுமையாகச் சுரண்டினர். இரும்பு ஸ்குறூட்ரைவரால் வால்வை நெம்ப முயன்ற இளைஞனின் கையை மூத்தவர் பிடித்து நிறுத்தினார். உள்ளே இருக்கும் சிறு பற்சில்லுகள் உடைந்தால் நல்ல வால்வும் உண்மையிலேயே ‘போய்விடும்’. வால்வின் மோட்டாருக்குள் திரவம் புகாதபடி அதை நிமிர்த்திப் பிடித்தே துடைத்தனர்.

கூலரின் வாய்களை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, தொட்டி நீரில் அமிழ்த்திப் பார்த்தனர். குமிழி எழவில்லை, ஆகவே ஒழுக்கில்லை. இதனைச் செய்யாமல் விடுதல் ஆகாது. கூலர் உள்ளே வெடித்தால் எஞ்சின் நீர் வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் குறைந்துகொண்டே போகும். சைலன்சரில் வெண்ணிற ஆவி வரும். அதைக் கண்டு தலையின் காஸ்கற் போய்விட்டது என்று எஞ்சினையே பிரித்துப் போட்ட பட்டறைகள் உண்டு. டேர்போவின் குழாய்களில் ஒழுக்கில்லை என்பதையும் இன்ஜெக்ரர்கள் சொட்டவில்லை என்பதையும் உறுதிசெய்தனர்; வளி வடியை மாற்றினர். கரி உண்டாகும் காரணத்தை விட்டுக் கரியை மட்டும் அகற்றுவது, கூரை ஒழுகத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

அன்று மாலை, எல்லாம் கழன்று கிடக்கும்போது, சாரதி மீண்டும் தகட்டை நினைவூட்டினார். இப்போது அவர் குரலில் வற்புறுத்தல் இல்லை, அச்சமே இருந்தது. “துப்புரவாக்கினாலும் திரும்ப அடைக்கும்தானே? இன்னொருக்கா எனக்கு இந்தச் செலவு தாங்காது.”

பட்டறைக்காரர் அவருக்கு எதையும் மறைக்கவில்லை. தகடு வைத்தால் எஞ்சின் உடனே கெட்டுவிடாது என்றும், பல லொறிகள் அவ்வாறே ஓடுகின்றன என்றும், கரி படிவதும் குறையும் என்றும் ஒப்புக்கொண்டார். கணினி அதைக் கண்டுபிடித்து விளக்கை எரியவிடும். அதை ஏமாற்ற இன்னொருவரிடம் போகவேண்டும். ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய். இறுதியில் அவர் சொன்னது இதுதான்: “எஞ்சினுக்கு நட்டமில்லைத் தம்பி. நட்டம் உம்மடை லொறிக்குப் பின்னாலை நிக்கிற சனத்துக்கு. சந்தையிலை மீன் வெட்டிற பொம்பிளையள் விடியவெள்ளண்ணையிலை இருந்து உந்தச் சைலன்சருக்குப் பக்கத்திலைதான் நிக்கினம். அவையள் உம்மட்டை முறைப்பாடு சொல்ல வரமாட்டினம். என்ன மணக்குது எண்டே அவையளுக்குத் தெரியாது.”

பட்டறைக்காரருக்கு இரசாயனம் தெரியாது. ஆனால் அவர் தொட்ட இடம் சரியான இடமே. 2012 யூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் டீசற் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதலாம் தொகுதியிற் சேர்த்தது. 2015 செப்டெம்பரில் வெளியான வொல்க்ஸ்வாகன் விவகாரமும் இங்கு நினைக்கத்தக்கது. பரிசோதனை நடப்பதை உணர்ந்து அந்நேரம் மட்டும் நைதரசன் ஒட்சைட்டைக் கட்டுப்படுத்தவும், வீதியில் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தவும் அக்கார்களின் கணினிக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வாகனங்களில் அந்த மென்பொருள் இருந்தது. பேரறிவாளர் கூடிச் செய்ததற்கும் சுன்னாகத்தில் இரும்புத் தகடு வெட்டுவதற்கும் அளவில்தான் வேறுபாடு; இயல்பில் இல்லை. இரண்டும், அளப்பவன் காணாதது இல்லாததே என்ற நம்பிக்கையில் நிற்பன. வறுமை சுன்னாகத்துச் சாரதிக்கு ஒரு நியாயத்தையேனும் தருகிறது. அந்தப் பெரிய நிறுவனத்துக்கு அதுவும் இல்லை.

சாரதி நெடுநேரம் யோசித்தார். பின்னர், “சரி அண்ணை, பூட்டுங்கோ” என்றார். அவருடைய மனத்தை மாற்றியது சந்தைப் பெண்களின் நினைவா, அன்றிப் பட்டறைக்காரர் அடுத்துச் சொன்ன செய்தியா என்பதை அறுதியிட்டுக் கூற இயலாது. அச்செய்தி: தேர்மோஸ்ரற்றைத் தாமே வாங்கிப் பூட்டுவதாகவும், மூன்று நாள் வேலைக்குக் கூலி வாங்கப் போவதில்லை என்றும் அவர் சொன்னார். “அது என்ரை கடன்” என்றார்.

மூன்றாம் நாள் புதிய காஸ்கற்றுகளோடு யாவும் பூட்டப்பட்டன. வால்வு தன் மூடிய நிலையை மீண்டும் அறிந்துகொள்ளுமாறு ஸ்கானர் மூலம் கணினிக்கு அறிவிக்கப்பட்டது. இந்தச் சிறு சடங்கை மறந்தால் நல்ல வேலையும் பழுதாகும். மருதனார்மடத்து வீதியில் மறுபடியும் ஓட்டிப் பார்த்தபோது வெப்பநிலை 82 பாகைக்கு ஏறி அங்கேயே நின்றது. வால்வைத் திறந்ததும் வளியின் அளவு குறைந்தது, மூடியதும் கூடியது. உதவியாளன் அதை மூன்று முறை செய்து பார்த்தான். சோதனைக்காக அல்ல, மகிழ்ச்சிக்காக. மஞ்சள் விளக்கு எரியவில்லை.

பட்டறைக்காரர் சாரதிக்குக் கொடுத்த ஆலோசனைகள் மூன்று: பற்றரியை மாற்றி, காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்துதல், வாரத்தில் ஒருமுறையேனும் கிளிநொச்சி வரையிலாவது பாரத்தோடு ஓடிவருதல், உரிய தர எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதல். வால்வு மீண்டும் அடைக்காது என்ற உறுதியை அவர் கொடுக்கவில்லை. அடைக்கும், ஆனால் மெதுவாக அடைக்கும், அடைக்குமுன் துப்புரவாக்கலாம். உடம்பையும் வீட்டையும் பேணுவோர் ஏற்றுக்கொள்ளும் நிபந்தனையும் இதுவேயன்றி வேறன்று.

ஈ.ஜீ.ஆர். வால்வு குறைபாடற்ற கண்டுபிடிப்பு என்று எவரும் கூறார். ஒரு தீங்கைத் தவிர்க்க இன்னொரு தொல்லையை ஏற்றுக்கொண்ட உடன்பாடே அது. அந்தத் தொல்லை உரிமையாளனுடைய பட்டறைச் செலவாக வருகிறது. தவிர்க்கப்பட்ட தீங்கோ பெயரறியாத பலருடைய மூச்சில் வராமற் போகிறது. வந்த செலவுக்குச் சிட்டை உண்டு. வராமற் போன நோய்க்குச் சிட்டை இல்லை. இதனாலேயே இத்தகைய உறுப்புகளைக் கழற்றுவது எளிதாகவும், மீளப் பூட்டுவது அரிதாகவும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் பயில்வோர் நாளை பொறியியலாளராகவும் நிருவாகிகளாகவும் ஆசிரியர்களாகவும் பட்டறை முதலாளியின் இடத்தில் நிற்கப் போகிறவர்கள். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமைப்பில் தேவையற்றதெனத் தோன்றும் உறுப்பு ஒன்றைக் காணும்போது, அது யாருக்காக வைக்கப்பட்டது என்று வினவுவதும், அவசரத்திற் கழற்றியதை அவகாசத்திற் பூட்டுவதும் அவர்களுக்கும் உரிய கடமையே.

லொறி புறப்பட்டுப் போன பின்னர், பட்டறைக்காரர் மூலையிலிருந்த மரப்பெட்டியை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து திறந்தார். உதவியாளனை ஒரு கொப்பி கொண்டுவரச் சொல்லி, ஒவ்வோர் உறுப்பாக வெளியே எடுத்து, அது யாருடைய வாகனத்திலிருந்து கழற்றியது என்று நினைவுகூர்ந்து சொல்லத் தொடங்கினார். உதவியாளன் எழுதிக்கொண்டான்.